முகாம் வாசலில் ஊசிப்போன சோறு

மதிப்பிற்குரிய மாவட்ட நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். போன ஐப்பசி மழையில் எங்கள் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் தண்ணீர் புகுந்ததும், சோறு கொண்டுபோன எங்களை வாசலிலேயே நிறுத்தியதும் தாங்கள் அறிந்ததே. மனுவும் கொடுத்திருக்கிறோம். மனுவில் எழுதாததை இங்கே சொல்கிறேன்.

கோயில் அண்டா, ஜமாஅத் வேன், மாதா கோயில் பையன்கள். இருட்டோடு எழுந்து சமைத்த சாம்பார் சாதம், மூன்று அண்டா. பதினொரு மணிக்கு அனுமதிக் கடிதம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தோம். பங்குச்சாமியார் கையெழுத்து மழையில் கலைந்திருக்கிறது, வேறு எழுதுங்கள் என்றார்கள், எழுதினோம். அப்புறம், அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா, தான் நனைந்துகொண்டு, தட்டை மட்டும் முந்தானைக்குள் வைத்தபடி நின்றார். நாலரைக்கு அனுமதி வந்தது. மூடியைத் திறந்தால் புளித்த வாடை. வாய்க்கால் கரையில் குழி தோண்டிக் கொட்டினோம். அந்த அம்மா அப்போதும் நின்றுகொண்டிருந்தார்.

சோதனையே கூடாது என்று சொல்லவில்லை. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம்களில் கெடுபிடி ஏன் கூடியது என்று தெரியாதவர்கள் அல்ல நாங்கள். சோற்றோடு மதத்தையும் பரிமாறுகிறவர்கள் உண்டு, அதையும் மறுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறோம்: மழைக்காலம் முழுக்கச் செல்லுபடியாகும் ஒரே அனுமதியை முன்கூட்டியே கொடுங்கள். ஆள் பெயர், ஆதார் நகல், வண்டி எண் எல்லாம் புரட்டாசியிலேயே தருகிறோம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

2004 சுனாமியில் நாகூர் தர்கா தன் இடத்தில் எல்லா மதத்தாரின் உடல்களையும் அடக்கம் செய்ய விட்டது. இந்த மாவட்டங்களுக்கு இது புதிய பழக்கம் இல்லை.

2021இல் ‘அகதிகள் முகாம்’ ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. நல்ல பெயர். பலகைக்கு அடித்த பெயின்டில் மிச்சம் இருந்தால் கேட்டுக்கும் அடித்திருக்கலாம். டெல்லி 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டு இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கண்ணில் பட்டார்கள். இலங்கையிலிருந்து வந்த இந்துக்களும் கிறிஸ்தவர்களும் படவில்லை. 1983க்குப் பிறகு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் முகாமில்தான் இருக்கிறார்கள். சரி, அது தங்கள் மேசைக்கு வரும் சமாசாரம் இல்லை.

மேசையில் இருப்பது எங்கள் மனு. ஐப்பசி பிறப்பதற்குள் அந்த ஒரே அனுமதியைத் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கூடவே, ராத்திரியில் அடித்தால் யாராவது எடுக்கிற ஒரு போன் நம்பரும். அண்டாவைக் கழுவிக் கோயிலில் கொடுத்துவிட்டோம். கேட்டால் மறுபடி தருவார்கள்.

இப்படிக்கு,
அன்று வேனில் வந்தவர்களில் ஒருவன்