தேவார வகுப்புக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முஸ்லிம்களுக்குச் சமயப் பள்ளிகள் இருப்பதுபோல் நமக்கும் இந்துப் பள்ளிகள் வேண்டும் என்று எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கோயில் கூட்டங்களில் பேசுகிறார்கள். அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. முஸ்லிம் மாணவர் ஐந்து பேர் இருந்தாலே அவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி தர வேண்டும் என்கிறது மலேசியாவின் 1996 கல்விச் சட்டத்தின் 50ஆவது பிரிவு. நம் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி. ஒரு தேவாரம்கூடத் தெரியாமல் ஆறாம் ஆண்டை முடித்துப் போன பிள்ளைகள் என் வகுப்பிலேயே எத்தனையோ பேர். ஆனாலும் தனிப் பள்ளி வேண்டாம் என்பேன்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகள். கன்னியாஸ்திரிகள் நடத்திய தமிழ்ப்பள்ளியில் படித்தவர். திருநீறு பூசிக்கொண்டுதான் போவார். காலை ஜெபத்துக்கு எழுந்து நிற்பார். திருநீற்றை அழிக்கச் சொல்லி ஒரு சிஸ்டரும் கேட்டதில்லை. ஈப்போ செயிண்ட் பிலோமினா கான்வென்ட், காப்பார் மெதடிஸ்ட், பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா எல்லாமே சமய அமைப்புகளின் பெயர் சொல்லும் தமிழ்ப்பள்ளிகள்தாம். அரசாங்கப் பாடத்திட்டம், அரசாங்கச் சம்பளம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம். சமயப் பள்ளி என்றால் அப்படி இருக்கட்டும்.

நான் பாடம் நடத்திய தோட்டத்துப் பள்ளியில் மாரியம்மன் கோயில் பூசாரி மகனும் மாதா கோயிலுக்குப் போகும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் காலியாகி, சனங்கள் ஆளுக்கொரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, போய்விட்டார்கள். இப்போது அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் ஒரே இடம் பள்ளிதான். பிள்ளைகள் குறைந்துபோன பள்ளியை மதவாரியாகவும் பிரித்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

சரி, சமயத்தை எப்படிக் கற்பிப்பது? அதே சட்டத்தின் 51ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசாங்க உதவி பெறும் பள்ளியின் மேலாளர் வாரியம் மற்றச் சமயங்களையும் கற்பிக்கலாம். நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தை அதற்குத் தொடக்கூடாது. ஒரு பிள்ளை தன் சமயம் அல்லாத வேறு சமய வகுப்பில் உட்கார வேண்டுமானால் பெற்றோர் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பிரிவை நம்மில் பலர் கண்டுகொள்வதே இல்லை என்பதுதான் என் வருத்தம். திருவிழாவுக்கு வசூலிக்கும் கோயில்கள் ஒரு சமய ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியாதா? பக்கத்து அறையில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் தேவாலயத்தார் வந்து நடத்தட்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளி வாரியம் இந்த வகுப்புக்கு அனுமதி மட்டும் கொடுக்கட்டும். வாரம் ஒரு நாள் வந்து தேவாரம் சொல்லித்தர நான் தயார், சம்பளம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்