தோல் உரியும் கிழமை

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் வதனி,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவன் ஏ.எல். எழுதி முடித்துவிட்டு ரிசல்ட் வரும்வரை கவிழ்ந்து படுத்துக் கிடக்கிறான் என்று எழுதியிருந்தாய். கிடக்கட்டும் விடு, இரண்டு வருஷம் ரியூஷன் ரியூஷன் என்று ஓடின பிள்ளை. அண்ணாவின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் முற்றான செய்தியில் மாமிக்கும் சரியான சந்தோஷம். மாப்பிள்ளையின் ஊர், சாதகம், சீதனம் எல்லாம் என்னிடம் கேட்டுக் களைத்துவிட்டா. உனக்குத் தெரிந்ததை அவவுக்கென்று தனியாக ஒரு தாளில் எழுதி அனுப்பு, நான் தப்பிக்கொள்கிறேன்.

சரி, என் முகத்தின் கதைக்கு வருகிறேன். கன்னத்திலும் மேலுதட்டிலும் படர்ந்த கறுப்புக் கறைக்கு, அந்த மங்குக்கு, பீல் போட்டேனே, அமிலம் பூசி மேல்தோலை உரிய வைக்கிற வைத்தியம். போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்பமாட்டேன். மங்கு போட்டோவில் ஒழுங்காக விழாது. ஜன்னல் பக்கம் நின்றால் ஒரு முகம், ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்றால் வேறொரு முகம். எழுதினால்தான் விளங்கும்.

டொக்டர் போட்டது கிளைக்கோலிக் அமிலம். கரும்பில் இருக்கிற அமிலமாம். முகத்தைத் துடைத்து, கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் வஸ்லின் பூசி, பிறகு பிரஷால் நெற்றியிலிருந்து தொடங்கிக் கீழே பூசிக்கொண்டு வந்தா. எறும்புக் கூட்டம் கடிக்கிற மாதிரி ஒரு சுரீர். பூசினதும் மணிக்கூட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றவ, சில நிமிஷத்தில் சோடாக் கரைசலால் துடைத்து நிறுத்திவிட்டா. அப்பத்துக்குப் போடுகிற அதே சோடாதான். அமிலத்தை நேரத்துக்கு அணைப்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது, கூடுதலாக விட்டால் எரிகாயம் என்று சொன்னா. அந்த அறையில் நடந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வீட்டில்.

முதல் நாள் முகம் சிவந்து இறுகியிருந்தது. அடுத்த நாள்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மங்கு இருந்த இடமெல்லாம் முன்னையைவிடக் கறுத்துப் போய் நின்றது. காசைக் கொடுத்துக் கறுப்பை வாங்கினதா என்று இவர் கேட்டார். நல்லவேளை, டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தா: கழரப்போகிற தோல் முதலில் கறுத்துக் காய்ந்து தெரியும், பயப்படாதே என்று. அதன் பிறகு உரிய ஆரம்பித்தது வாயோரம். கதைக்க, சிரிக்க, சாப்பிட என்று எந்நேரமும் ஆடுகிற இடம் முதலில் உரியுமாம். நெற்றியும் தாடையோரமும் கடைசி. எனக்கும் அந்த ஒழுங்கில்தான் நடந்தது. வாய் மூலையில் வெங்காயச் சருகு போல மெல்லிசாக ஒரு துண்டு, ஒரு நுனி மட்டும் ஒட்டிக்கொண்டு, மூச்சு விடும்போது ஆடும். கதைத்துவிட்டுப் பார்த்தால் போன் கண்ணாடியில் பொடிப்பொடியாகத் தோல். ரசம் வாயோரம் பட்டால் உயிர் போகும்.

இந்த நேரத்தில்தான் கை சும்மா இராது, வதனி. உனக்குச் சொல்லத் தேவையில்லை, பள்ளிக்கூடத்தில் முழங்கால் புண்ணின் பொருக்கை வகுப்பில் இருந்துகொண்டே பிய்த்து வைக்கிறவள் நீ. அதனால்தான் இதை நீட்டி எழுதுகிறேன். தொங்குகிற துண்டை இழுத்தால் அது தொங்குகிற இடத்தோடு நிற்காது, இன்னும் கழரத் தயாராகாத தோலையும் சேர்த்துக்கொண்டு வரும். கீழே இருக்கிற புதுத்தோல் அரைகுறை. அதில் காயம் பட்டால் நிறத்தை உண்டாக்கும் கலங்கள் குழம்பி, இருந்ததைவிடக் கூடுதலாகக் கறுப்பை இறைத்துவிடும். வெள்ளைக்காரருக்கு வெறும் சிவப்போடு போகிற புண் எங்களுக்கு மாதக்கணக்கில் கறுத்து நிற்பது அதனால்தான். 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து வகை பிரிக்கத் தொடங்கினார். இன்று அது ஆறு வகை, எண் கூடக் கூடக் கறுத்த தோல். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் நாலிலிருந்து ஆறுக்குள். அந்த வகைக்குப் பீல் போடுகிற டொக்டர்மார் இந்தக் கறுப்புக்குத்தான் கூடப் பயப்படுகிறார்கள். தொங்குகிற நுனி உறுத்தினால் சின்னக் கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்து, தொங்குகிறதை மட்டும் வெட்டு. அதுவும் ஏலாவிட்டால் கிரீமைக் கொஞ்சம் கூடப் பூசிப் படுக்க வை. துவாயால் தேய்க்காதே, ஒற்று.

நான் பூசினது மூன்றே மூன்று. நுரை குறைந்த, வாசம் இல்லாத ஒரு கழுவி. மணமில்லாத ஈரப்பதக் கிரீம், உரிகிற இடத்தில் ராவில் மெல்லிசாக வஸ்லின். எரிவு அடங்கினதும் பகலில் சன்ஸ்கிரீன். மற்றதெல்லாம் அலுமாரியில் பூட்டு. ரெட்டினோல், விற்றமின் சி, ஸ்கிரப், எதுவுமே டொக்டர் சொல்லும்வரை வேண்டாம். ஆவி பிடித்தல், வியர்க்க வியர்க்க நடைப்பயிற்சி, நூலால் மயிர் எடுத்தல், வாக்ஸ் எல்லாம் அந்தக் கிழமைக்கு ஒத்திவை.

இதை விடக் கஷ்டம் மற்ற ஆட்களின் வைத்தியம். மாமி பயற்றம்மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துக்கொண்டு வந்து நின்றா. மேல்மாடி நோனா வெனிவெல் அவித்த தண்ணீர் ஒரு போத்தலில் தந்தா, எங்கள் மரமஞ்சள்தான். இவரின் தங்கை தேசிக்காய்ப் புளி என்றாள். ஏற்கெனவே அமிலம் பட்டு உரிகிற முகத்தில் இன்னொரு அமிலம்! எல்லோருக்கும் சிரித்து நன்றி சொல்லி வாங்கிவைத்தேன், ஒன்றும் பூசவில்லை. கைப்பக்குவத்தைக் குறை சொல்லவில்லை. நல்ல தோலுக்கு அது செய்யட்டும், மேல்தோல் போன முகத்துக்கு எது உறுத்தும் என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயிலுக்கு வெறும் நெற்றியோடு போனதுதான் வீட்டில் பெரிய பிரச்சினை. திருநீறும் சந்தனமும் குங்குமமும் உரிகிற நெற்றியில் பூசுவதா? ஒட்டுப்பொட்டு அதைவிடக் கேடு, எடுக்கும்போது பசையோடு தோலும் வரும். ஐயர் தந்த திருநீற்றைக் கழுத்தடியில் பூசினேன். மாமி இரண்டு நாள் கதைக்கவில்லை, மூன்றாம் நாள் மீன் வாங்க என்னைத்தான் அனுப்பினா. அம்மனுக்குக் கோபம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இனி வெயில். இதில் மட்டும் எனக்கு வளைந்துகொடுக்க மனமில்லை. மங்கு வருவதற்குக் காரணம் பல: பிள்ளைத்தாய்ச்சிக் காலம், கர்ப்பத்தடை மாத்திரை, பரம்பரை. ஆனால் அதை வளர்ப்பது வெயில். நேர் வெயில் மட்டுமில்லை. புற ஊதாக் கதிரில் ஒரு பங்கு கண்ணாடியையும் தாண்டி வரும், அதனால் பஸ்ஸிலும் கந்தோரிலும் ஜன்னலோரத்தை விட்டுவிட்டேன். பின்னேரம் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருகிற ரயிலில் கடல் பக்கச் சீட்டுக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒருகாலம் சண்டை பிடித்தோமே, மேற்கு வெயிலும் கடலின் எதிரொளியும் சேர்ந்து முகத்தில் அடிக்கிற இடம் அது. இப்போது தரைப் பக்கம் நின்றுகொண்டு வருகிறேன்.

எங்கள் நிறத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டுமாம். அதற்கு வெள்ளைச் சன்ஸ்கிரீன் போதாது, இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறத்தில் வருகிறது தேவை. லேபிளைப் பார்த்து வாங்கு. லேபிளில் எஸ்.பி.எஃப். என்று போட்டிருக்கிற தடுப்பு எண் 30 உள்ளதை ஒழுங்காகப் பூசினால் பி வகைப் புற ஊதாக் கதிரில் நூற்றுக்கு 97 பங்கை நிறுத்தும், 50 என்றால் 98. அந்த ஒரு பங்குக்காகக் கூடக் காசு கொடுப்பதைவிடப் பூசுகிற அளவைக் கூட்டுவது நல்லது. இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து முகத்துக்கும் கழுத்துக்கும். வெளியே நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்ப. எங்கள் ஆட்கள் பட்டாணி அளவில் தொட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். விலையும் ஒரு காரணம்தான், 2022இல் ரூபாய் விழுந்ததிலிருந்து இறக்குமதி ட்யூபைக் கையில் எடுக்கவே யோசனை. அதனால் பாதி வேலையைக் குடைக்குக் கொடுத்துவிட்டேன். அகல விளிம்புத் தொப்பியும் ஒன்று வாங்கினேன், மெரின் டிரைவில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் உல்லாசப் பயணி என்று ஓட்டோக்காரன் இரண்டு மடங்கு கேட்கிறான்.

கல்யாணத்துக்கு முதல் நீயும் செய்யவேண்டும், சித்திரை லீவில் கொழும்பு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஏப்ரல் 5ஆம் திகதியிலிருந்து மாதத்தின் நடுப்பகுதிவரை சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுக்கிற காலம். உரிந்த முகத்தோடு அந்த வெயிலில் நீ பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேருவாயா? இன்னொன்று, ஒருமுறை போட்டதோடு முடிகிற காரியமும் இல்லை. இரண்டு முதல் நாலு கிழமை இடைவெளி விட்டுப் பல தடவை போடவேண்டும். ஒவ்வொருமுறையும் ஐந்தாறு நாள் உரியும். கல்யாணத்துக்கு முதல் கிழமை போட்டுவிட்டு, மேக்கப்காரியிடம் முகத்தைக் கொடுக்கிற பெண்களை நினைத்தாலே எனக்குப் பயம். வருவதென்றால் தை முடியமுதல் வந்து தொடங்கு, பங்குனி முடியும்போது போட்டவரை போதும் என்று நிறுத்து. ஏலாவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகு ஆறுதலாகச் செய்வோம்.

அதற்கிடையில் உன் மேசையில் இருக்கிற அந்த ட்யூபைப் பார். மங்குக்கென்று பாமசியில் தந்தது என்று எழுதினாயே, மூன்று மருந்து சேர்ந்தது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஒரு ஸ்டீரொயிட். 1975இல் கிளிக்மன் என்ற அமெரிக்க வைத்தியர் கலந்த சூத்திரத்தின் வழிவந்தவை. டொக்டர் பார்த்துக் கொடுத்து, இத்தனை கிழமை என்று நிறுத்தினால் நல்ல மருந்து. வருஷக்கணக்கில் தானாகப் பூசினால் ஸ்டீரொயிட் தோலை மெலிய வைத்து இரத்தக் குழாய் தெரிய வைக்கும், ஹைட்ரோகுவினோன் மாறாத நீலக் கறுப்பு ஒன்றைக் கொண்டுவரலாம். அதைப் பூசிக்கொண்டிருக்கும் முகத்தில் பீல் போட்டால் அமிலம் நினைத்ததைவிட ஆழமாக இறங்கும். எவ்வளவு நாளாகப் பூசுகிறாய் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லு. கர்ப்பத்தடை மாத்திரையையும், உனக்கு உதட்டில் அடிக்கடி வருகிற அந்தக் கொப்புளத்தையும் சொல்லு. அது உரிகிற முகத்தில் பரவக்கூடியது, முன்கூட்டியே மாத்திரை தருவார்கள்.

எங்கே செய்வது என்பதில் மட்டும் காசைப் பார்க்காதே. என்னோடு வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி ஒரு சலூனில் மலிவாகப் போட்டாள். அங்கே எவ்வளவு வீரியம் என்று சொல்லவுமில்லை, நாலாம் நாள் கூப்பிட்டுத் தோலைத் தேய்த்து எடுத்தும் விட்டார்கள். கன்னம் இரண்டும் கறுத்து, இப்போது அதற்கு வேறாக வைத்தியம். இலங்கை மருத்துவ சபையில் பதிந்த தோல் வைத்திய நிபுணரா என்று பார். தேசிய வைத்தியசாலையிலும் தோல் கிளினிக் இருக்கிறது, கியூவில் நிற்கப் பொறுமை வேண்டும். புறக்கோட்டையில் பெயரில்லாத டப்பாவில் விற்கிற வெள்ளைக் கிரீம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதே. அப்படியானவற்றில் பாதரசம் கண்டுபிடித்திருக்கிறார்கள், அது சிறுநீரகத்தில் போய் உட்காரும்.

உரிந்து முடிந்த பிறகு கந்தோரில், "அக்கா, வெள்ளையாய் வந்திட்டீங்கள்" என்றார்கள். வரவில்லை, வதனி. என் நிறம் என் நிறம்தான். கன்னத்துக் கறை கொஞ்சம் மங்கியிருக்கிறது, மேலுதட்டில் இருந்தது இன்னும் அப்படியே. இது அடியோடு போகிற சாமான் இல்லை, வெயிலில் விட்டால் திரும்ப வரும் என்று டொக்டரே சொன்னா. அது தெரிந்துகொண்டு வா. உன் அண்ணி சொல்கிற மாதிரி "பொம்பிளையைவிட நீ வெள்ளையாய்த் தெரிய" வேண்டுமென்றால் நான் கூட்டிக்கொண்டு போகமாட்டேன்.

தொடங்கினால் ஒன்று: கொப்புளம், சீழ், நாள் போகப் போகக் கூடுகிற நோ, அடங்காத சிவப்பு, இதில் எது வந்தாலும் ராவிருட்டி என்று பாராமல் டொக்டருக்குப் போன் எடு. எனக்கு எடுத்து என்ன செய்வதென்று கேட்டுக்கொண்டிராதே.

இங்கே மற்றவை எல்லாம் வழமைபோல. சின்னவளுக்கு வீணை வகுப்பு கசந்துவிட்டதாம், விட்டுவிடுவோமா என்று யோசிக்கிறேன். உன் அபிப்பிராயம் என்ன? தைக்குள் வருவதென்றால் உடனே எழுது, டொக்டரைப் பார்க்க நம்பர் எடுப்பதே இங்கே பெரும்பாடு. வரும்போது பருத்தித்துறை வடை கொஞ்சம் கூட வாங்கிக்கொண்டு வா, மாமிக்குத் தெரியாமல் எனக்கு ஒரு பை வேறாக.

அன்புடன்,
சுகி