மூட்டு வலிக்கு வெறும் களிம்பு போதாது

ஆசிரியருக்கு வணக்கம். மூட்டு வலி, கை வலின்னாலே வயசாயிடுச்சுன்னு நம்ம ஆளுங்க தள்ளிவிட்டுடுறாங்க சார். எங்க பெரியம்மாவுக்கு தலை சீவக்கூட கையைத் தூக்க முடியல, கண் இமையைச் சுத்தி ஊதா கலர்ல வீக்கம், விரல் மொளி மேலெல்லாம் சிவப்பா தடிப்பு, நாங்க அலர்ஜின்னு களிம்பு தடவியே 6 மாசம் ஓட்டிட்டோம். கடைசில ருமட்டாலஜி (மூட்டு, தசை நோய்) டாக்டர் பாத்துட்டு இது டெர்மட்டோமயோசைட்டிஸ், அதாவது தசையையும் தோலையும் தாக்குற அழற்சி நோய், பெரியவங்களுக்கு இது வந்தா சிலருக்கு உள்ள கேன்சர் இருக்கும்னு ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு, பாத்தா சினைப்பையில கட்டி.

சின்னப் பசங்களுக்கு தொண்டை வலி வந்து ரெண்டு மூணு வாரத்துல மூட்டு வீங்கினா அதையும் சும்மா விடாதீங்க, ருமாட்டிக் காய்ச்சலா (தொண்டைத் தொற்றுக்கு அப்புறம் வர்ற அழற்சி நோய்) இருந்தா இதய வால்வையே கெடுத்துடும், 21 நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசிய வருஷக்கணக்குல போடணும். உங்க மருத்துவப் பக்கத்துல இதை விளக்கமா போடுங்க, ப்ளீஸ்.

- ஒரு வாசகி, திருச்சி