தாலி கட்டும் முன் இதையும் கேளுங்கள்

சுங்கை சிப்புட் ஆலய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். திருமணப் பதிவுக்கு வந்த ஜோடிகளுக்குப் போன மாதம் நீங்கள் நடத்திய பேச்சில் என் தங்கையும் இருந்தாள். "வீட்டுக்காரர் சொல்படி நடந்தால் சண்டை வராது" என்றார்களாம்.

எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் என் கணவருடையவைதான். நான் விரும்பிக் கொடுத்தது அது. கல்யாணமான முதல் சம்பளத்திலேயே பேங்க் கார்டை அவர் கையில் கொடுத்தேன். கணக்கு வழக்கு எனக்குத் தலைவலி. அவரிடம் விட்டதில் நிம்மதியாகவே இருந்தேன்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஏனோ மனசு கேட்கவில்லை. "கார்டு என்கிட்டயே இருக்கட்டுங்க" என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. அன்று மாலையே சாமி மேடையில் வைத்துவிட்டார். நாலு மாதம் கழித்து நானே திரும்பக் கொடுத்தேன்.

தோட்டத்தில் எங்கள் லயத்து அக்கா ஒருவரும் இப்படித்தான் கொடுத்தார். திரும்பக் கேட்டபோது, "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று வீட்டுக்காரர் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காதான் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் கேட்கவே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நம் மலேசியாவின் 1976 திருமணச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்கு அப்பாவின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதைச் சரியாகப் பார்க்கிறீர்கள். ஆனால் பெண்ணின் சம்மதத்தை மணவறை நாளோடு மூடிவிடுகிறோம். 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், துணையின் உடைமையை நேர்மையில்லாமல் எடுத்துப் பண இழப்பால் மனவேதனை தருவதையும் வன்முறை என்கிறது. பேச்சில் இது வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள் தங்கை.

அடுத்த முறை மாப்பிள்ளையைப் பார்த்து ஒன்று கேளுங்கள்: "அவள் உங்களிடம் விட்டதைத் திரும்பக் கேட்டால், கோபிக்காமல் கொடுப்பீர்களா?" பெண் கை ஓங்கிய வீடுகளும் உண்டு, அதனால் பெண்ணிடமும் கேளுங்கள். அந்த இடத்திலேயே இருவரும் பதில் சொல்லட்டும்.

வேலைக்குப் போகாத பெண்களுக்குச் சொக்சோ எனும் அரசு சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. சந்தா ஆண்டுக்கு 120 ரிங்கிட்தான். அதற்கான விண்ணப்பப் படிவமும் உங்கள் மேசையில் இருக்கட்டும்.

அடுத்த பேச்சுக்கு என்னைக் கூப்பிடுங்கள், வந்து பேசுகிறேன். என் கணவரும் வருவார், கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆலயத்தில் தாலி கட்டிக்கொண்ட ஒரு பெண்