செந்திலுக்கு, வீட்டிலிருந்து

அன்புள்ள மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ திறக்கமாட்டாய் என்று தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். தீபாவளி வாழ்த்துக்கே இன்னும் நீல டிக் விழவில்லை. விடிந்ததும் ஆறு, ஏழு என்று ஃபார்வர்டு செய்து உன்னை இப்படி ஆக்கியது நான்தான், உன்மேல் குற்றமில்லை. ஆனாலும் அம்மாவுக்காவது ஒரு போன் போட்டிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் வீடியோ காலில் பேசினபோது பாப்பா இருமினாள். நெஞ்சில் எண்ணெய் மினுமினுத்தது. ஜன்னலோரம் ஒரு கிண்ணம், பக்கத்தில் பிரித்த கற்பூரப் பொட்டலம். அம்மா கண்ணால் என்னிடம் கேட்டாள், நான் தலையை ஆட்டிவிட்டேன். வாயைத் திறந்தால், "மாமா, நீங்க அனுப்பின வீடியோதானே" என்று வந்துவிடுமோ என்ற பயம். சளிக்குக் கற்பூர எண்ணெய் வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டவனும் நான்தானே.

அந்த எண்ணெயை இனித் தடவவேண்டாம். உனக்கும் உன் பாட்டி காய்ச்சித் தடவியவள்தான். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நம் அதிர்ஷ்டம், எண்ணெயின் நல்ல குணம் இல்லை. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், மூச்சு வழியாகவும் போகும். கைக்குழந்தைக்கு வலிப்புகூட வந்துவிடலாம். இரண்டு வயதுக்குள் அந்தப் பக்கமே போகக் கூடாது. எட்டு மாதப் பிள்ளை கையை வாயிலேயே வைத்திருக்கும், நெஞ்சில் தடவினது வயிற்றுக்குப் போக எவ்வளவு நேரம்? வில்லைகளையும் எட்டாத உயரத்தில் வை, நாளைக்கு நடக்கத் தொடங்கினால் கற்கண்டு என்று நினைத்துக்கொள்ளும். தேனும் ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டுவைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பையே தளர்த்திவிடும். இருமல் நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் காட்டு. மருமகளைக் கோபிக்காதே. பெரியவர் அனுப்பினார் என்று நம்பினாள், அவ்வளவுதான்.

மாடி ஒழுக்குச் சரிபண்ணியாச்சு. மற்ற ஊர்ச்சேதி எல்லாம் அம்மா சொல்வாள்.

அத்தைக்கு மாதம் தவறாமல் பணம் போட்டுவிடுகிறாய். இந்தக் காலத்தில் எந்த மருமகன் அத்தைக்குச் செய்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் மக்களே, பணம் ஒண்ணாம் தேதி வந்துவிடுகிறது, குரல் வரவில்லையே. உன்னைத் தூக்கி வளர்த்தவள். பங்குனியிலிருந்து நீ அவளிடம் பேசவே இல்லை. என்னிடமும் "ம்", "சரி", "வைக்கட்டுமா" தவிர வேறு பேச்சில்லை. உனக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று ராத்திரி உட்கார்ந்து யோசிக்கிறேன். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்.

"இந்தப் புளிச்சக்காய்ச் சாற்றை அத்தைக்கு யாருப்பா சொன்னது?" என்று நீ போனில் கேட்டாய். எவனோ யூடியூப்காரன் என்றேன். பொய். நான்தான் சொன்னேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. பிலிம்பி என்றும் சொல்வார்களே, அந்தப் புளிச்சக்காய், நம் கிணற்றடி மரத்தில் அந்த வருஷம் அடிமரமெல்லாம் குலைகுலையாகக் காய்ப்பு. பச்சையாக இருபது காயை அரைத்துப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால் ஒரு மண்டலத்தில் சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் ஓடிப்போகும் என்று போனில் வந்தது. நானே பறித்தேன். இரண்டு நாளுக்கு ஒரு பை, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பல்லெல்லாம் கூசுது அண்ணே" என்றாள். "நாற்பத்தெட்டு நாள்தானே, பொறுத்துக்கோ" என்றேன். பதினாறாம் நாளோ என்னவோ வாந்தி தொடங்கியது. அதையும் உள்ளே இருக்கும் கழிவு வெளியேறுகிறது என்று அந்த மெசேஜில் எழுதியிருந்த மாதிரியே அவளுக்கு விளக்கினேன். இன்னும் நாலு நாள் குடித்தாள். முகம் வீங்கி, மூத்திரம் நின்றபிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.

முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவன் நான். ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்து, பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பு நிற்பதைக் காட்டி எத்தனை பிள்ளைகளுக்குக் கைதட்டியிருக்கிறேன். அந்த அமிலம் கால்சியத்தைக் கண்டால் கரையாத வெள்ளைப் படிவாக இறங்கும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன். புளிச்சக்காயின் புளிப்பில் இருப்பதும் அதே ஆக்சாலிக் அமிலம்தான். அயிலைக் குழம்பில் நாலு காய் போட்டால் நாலு பேருக்குப் பங்காகிவிடும். இருபது காயின் பச்சைச் சாறு ஒரே ஆளின் வயிற்றுக்குப் போனால், அந்தப் படிகம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். கேரளத்து டாக்டர்கள் 2013இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இதே சாற்றைக் கொலஸ்ட்ராலுக்கென்று குடித்த பத்துப் பேர், அதில் ஏழு பேருக்கு டயாலிசிஸ். அவர்களுக்குச் சிறுநீரகம் திரும்ப வேலை செய்தது. அத்தைக்கு இருபது வருஷ சுகர், திரும்பவில்லை. இதையெல்லாம் நான் தேடிப் படித்தது அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. பறிப்பதற்கு முன்னால் தேடியிருந்தால் அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

யார் சொல்லிக் குடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரோ சொன்னாங்க டாக்டர், ஞாபகமில்லை" என்றாள். நான் கட்டில் பக்கத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றுவரை அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

உன் அம்மாவுக்கு நேற்று ராத்திரி சொன்னேன். அவள் இன்று காப்பி போட்டுத் தந்தாள், பேசவில்லை.

கற்பூரக் கிண்ணத்தைக் கொட்டிவிடு. முன்னேயே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதே. நான் அனுப்பினதில் வேறு எதையாவது வீட்டில் செய்கிறீர்களா என்று மருமகளிடம் பொறுமையாகக் கேள். ஒவ்வொன்றையும் குழந்தை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடு.

அத்தைக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். நான்தான் கூட்டிப்போகிறேன். காலை ஏழுக்கு ஊசி குத்தினால் நாலு மணி நேரம். என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் வேண்டாம். அந்த நேரத்தில் என் நம்பருக்கு அடி. அவளால் அந்தக் கையை அசைக்க முடியாது, நான் அவள் காதில் போனை வைத்துப் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா