கேட்டது தமிழில், பதிலும் தமிழில் வரட்டும்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், ஆட்சிமன்ற, கல்விக்குழு உறுப்பினர்களுக்கும், துணைவேந்தர் நாற்காலி காலியாகக் கிடக்கும் இடங்களில் பொறுப்பைச் சுமக்கும் ஒருங்கிணைப்புக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். முனைவர் பட்ட ஆய்வேடுகள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. கருத்துத் திருட்டுச் சோதனை போட வேண்டும், ஒப்புமை பத்து சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கான ‘ஷோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் எந்தப் பேராசிரியருக்கும் வாய்க்காத காட்சி இதில் எனக்கு வாய்க்கிறது. காலையில் நானோ துகள்கள் பற்றி ஒன்று வரும். மதியம் நாயக்கர் காலக் கல்வெட்டுகள். சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் வளரிளம் பெண்களின் ரத்தசோகையோ, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனோ வந்து நிற்கும். ஒரு மாநிலம் தன் மண்ணையும் உடம்பையும் பள்ளிக்கூடத்தையும் பழங்கதையையும் இவ்வளவு அகலமாக ஆராய்ந்துகொண்டிருப்பது வெளியில் யாருக்கும் தெரிவதில்லை என்பதே என் ஆதங்கம்.

களஞ்சியத்தில் ஏற்றும் கோப்புகளுக்கு வரிசை எண் உண்டு. 01 தலைப்புப் பக்கம். கடைசியில் 80 என்று ஒரு கோப்பு வரும், அதுதான் பரிந்துரைகள். நான் அதை விடாமல் படிப்பேன். ‘ஆசிரியர்கள் இதைச் செய்ய வேண்டும்’, ‘கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் அதைக் கவனிக்க வேண்டும்’, ‘விவசாயிகள் இந்த முறைக்கு மாற வேண்டும்’. எல்லாம் யாரையோ பார்த்துச் சொல்லப்பட்டவை. ஆனால் எந்த ஆசிரியரும் செவிலியரும் விவசாயியும் படிக்க வராத இடத்தில், அவர்களில் பெரும்பாலோர் படிக்காத மொழியில் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மனிதர்களிடம் தகவல் வாங்கும் எந்த மருத்துவ ஆய்வுக்கும் ஒப்புதல் படிவம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. நெறிமுறைக் குழு அந்தத் தமிழ்ப் படிவத்தை வரி வரியாகப் பார்த்த பிறகுதான் அனுமதி கொடுக்கும். வினாத்தாளும் தமிழில்தான். ஆக, ரத்தம் கொடு, நேரம் கொடு, உன் வீட்டு வருமானத்தைச் சொல் என்று கேட்பதெல்லாம் தமிழில். என்ன தெரிய வந்தது என்பது மட்டும் ஆங்கிலத்தில்.

என் தோழி ஒருவர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வாளர் அங்கே வந்து பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, ஆசிரியர்களிடம் படிவம் நிரப்பி வாங்கிப் போனார். “அந்தத் தம்பி கடைசில என்னதான் கண்டுபிடிச்சாரு?” என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். தேடி எடுத்து, அந்த 80ஆம் கோப்பை வாய்மொழியாகவே தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மூணாவதா சொல்றாரே, அதை நாங்க ஏற்கெனவே பண்ணிப் பார்த்துட்டோம், சரிப்பட்டு வரலை. ஏன் வரலைன்னு எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே” என்றார். அந்த ஒரு வாக்கியம் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்துக்குச் சமம். அது உள்ளே வர வழியே இல்லாமல் போய்விட்டது.

மக்கள் ஆய்வுக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1956இல் இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் சேர்ந்து நடத்தியது. அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம்தான்: மாதக்கணக்கில் ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. ஆனால் அத்தனை நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது? நகரத்தின் நெரிசலான பகுதிகளில் இருந்த 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. சாப்பாடு குறைவாகவும் இடம் நெருக்கடியாகவும் இருந்த வீடுகளிலும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு நோயாளிகள் தேறியிருந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் தொற்று கூடிவிடவும் இல்லை. உலக நாடுகள் சானடோரியத்தை விட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது. தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் தினமும் மின்சார ரயில் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? நம் தாத்தா பாட்டிகள் உலக மருத்துவத்தையே மாற்றினார்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அவ்வளவு பின்னால் கூடப் போக வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்று கண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்ததாம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சாயங்கால வகுப்பு எடுத்த பெண்கள் அதைப் படித்தால் எப்படி இருக்கும்!

சொன்னால் மக்கள் கேட்பார்களா என்று சிலர் கேட்கிறார்கள். கீழடியைப் பாருங்கள். 2019இல் தொல்லியல் துறை தன் அறிக்கையை ஆங்கிலத்தோடு தமிழிலும் வெளியிட்டது. அதன்பின் டீக்கடையில் கார்பன் காலக்கணிப்பு பற்றிச் சண்டை நடந்தது. அந்தக் கரித்துண்டு எந்த அடுக்கில் கிடைத்தது, கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்றால் எத்தனை ஆண்டு முன்பின் இருக்கலாம் என்று ஓர் ஆட்டோக்காரர் விசாரித்தது என் காதிலேயே விழுந்திருக்கிறது. பெருமைக்காகக் கொஞ்சம் மிகையாகப் பேசுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தவறைத் திருத்தவும் தமிழில் அறிக்கை இருந்ததால்தான் முடிந்தது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்கப் போட்ட திட்டத்தில் நடந்தது நேர்மாறு. அதை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பது இங்கே பேச்சில்லை. ஊர்க்காரர்களின் கேள்விகளுக்கு அவர்கள் மொழியில், ஆரம்பத்திலேயே, விரிவாகப் பதில் போயிருக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

அறிவியலைச் சொல்லத் தமிழில் வார்த்தை இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். பெரியசாமித் தூரன் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை முடித்துக் கொடுத்தார். நெதர்லாந்தில் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினாலும் டச்சு மொழியில் சுருக்கம் சேர்ப்பது வெகு காலமாக இருக்கும் வழக்கம். அவர்களுக்கு ஆங்கிலம் நம்மைவிட நன்றாகவே வரும்.

நான் கேட்பது சின்ன விஷயம். எந்தத் துறையானாலும் ஆய்வேட்டோடு ஐந்து பக்கம் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலச் சுருக்கத்தின் மொழிபெயர்ப்பு வேண்டாம். அதைக் கணினியில் போட்டு ஒட்டிவிடுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்ன கேட்டோம், யாரிடம் கேட்டோம், என்ன தெரிந்தது, எது தெரியவில்லை, இதனால் யாருக்கு என்ன என்று ஆய்வாளரே எழுத வேண்டும். கணிதத்தில் இடவியல் படித்தவருக்கு ஐந்து பக்கம் கஷ்டமென்றால் இரண்டு எழுதட்டும். தமிழ்த் துறையினருக்கும் விலக்கு வேண்டாம். அவர்களுடைய ஆய்வேடுகள் தமிழில்தான் இருக்கின்றன, ஆனால் சிலவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கே துணை தேவைப்படுகிறது.

அப்புறம், வாய்மொழித் தேர்வு. பெயர் பொது வாய்மொழித் தேர்வு. வருவது துறை மாணவர்கள், வருகைக் கையெழுத்து, முந்திரி பக்கோடா, டீ. ஆய்வு நடந்த பள்ளியிலிருந்தோ ஊரிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ இரண்டு பேரை அழையுங்கள். பத்து நிமிடம் தமிழில் பேசச் சொல்லுங்கள். அவர்கள் ஒரு கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். நெறியாளர்கள் முணுமுணுப்பார்கள், முதல் இரண்டு ஆண்டு அப்படித்தான் இருக்கும்.

இதற்குத் தனி நிதி வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். முனைவர் பட்ட விதிமுறைகளில் ஒரு பத்தி சேர்த்து அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் வைத்தால் போதும். எல்லாத் துறைக்கும் ஒரே நேரத்தில் முடியாது என்றால், மனிதர்களிடம் நேரில் தகவல் வாங்கும் கல்வியியல், சமூகப்பணி, மருத்துவம் சார்ந்த ஆய்வுகளில் தொடங்குங்கள். கோப்பை எந்த எண்ணில் ஏற்றுவது என்பதை நூலகத்தில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நூலகர்