செம்மணியில் நின்ற எல்லாருக்கும் நன்றி

முதல் நன்றி, 2025 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில், செம்மணிக்கு அருகே அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் தகனமேடைக்கு மண் வெட்டும்போது மனித எலும்புகளைக் கண்ட தொழிலாளிகளுக்கு. மயானத்தில் எலும்பு வருவது என்ன புதினமா என்று மூடிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். வேலை நின்றது, விஷயம் நீதவான் நீதிமன்றம் வரை போனது.

எங்கள் அண்ணா 1996இல் காணாமல் ஆக்கப்பட்டவர். பள்ளி மாணவி கிருசாந்தி குமாரசுவாமியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற சிப்பாய், செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருப்பதாக 1998இல் நீதிமன்றத்தில் சொன்னதிலிருந்து, அந்த வீதியால் பஸ்ஸில் போகும்போது அம்மா யன்னல் பக்கம் இருக்கமாட்டா. 1999இல் தோண்டி 15 பேரின் எச்சங்களை எடுத்தார்கள், அதோடு முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். இந்தப் புதிய அகழ்வில் 2025 செப்டெம்பர் தொடக்கத்தில் கணக்கு 240 என்புத்தொகுதிகள்.

அகழ்வை நடத்திய தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ ஐயாவுக்கும், அந்த வெயிலில் குனிந்திருந்து தூரிகையால் மண் தட்டிய மாணவர்களுக்கும் என்ன சொல்ல? மாத்தளையில் 2012இல் வெளிப்பட்ட புதைகுழியையும் ஆராய்ந்து, அது எண்பதுகளின் இறுதியில் தெற்கில் நடந்த ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சிக் காலத்தது என்று சொன்னவர் அவர்தான். தெற்கிலிருந்து வந்தவர் என்று முதலில் சந்தேகப்பட்டவர்கள் எங்கள் பக்கம் இருந்தார்கள், சரி, இருக்கத்தானே செய்யும். எலும்பு எந்தப் பக்கமாகக் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று படம் எடுத்து, எண் போட்டுப் பதிந்த பிறகுதான் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்தார்கள். இயந்திரத்தால் அள்ளியிருந்தால் ஒரு குவியல்தான் மிஞ்சியிருக்கும்.

நீலப் புத்தகப் பையோடு கிடந்த, எஸ்-25 என்று எண் போட்ட என்புத்தொகுதிக்கு வயது நாலு அல்லது ஐந்துதான் இருக்கும் என்று சொன்னார்கள். அதைச் சொல்லவேண்டி வந்த சட்ட வைத்திய அதிகாரி பிரணவனுக்கும் நன்றி, லேசான வேலை இல்லை அது.

2025 ஆகஸ்ட் 5, குழியில் எடுத்த சான்றுப் பொருட்களை மக்களுக்குப் பார்க்க விட்ட அன்று, அம்மாவுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்திலேயே நின்ற தங்கச்சி, பெயர் கேட்க மறந்துவிட்டேன், மன்னிக்கவும். குழிக்கருகே நாள் முழுக்க நின்ற சட்டத்தரணிகள், செய்தியாளர்கள், நீதி கேட்டு நடந்த ‘அணையா விளக்கு’ போராட்டத்தில் மூன்று நாள் இருந்தவர்கள், எல்லாருக்கும்.

வந்து பார்த்த ஐநா மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க்குக்கும் நன்றி. ஆனால் இனித் தேவை மரபணுப் பரிசோதனை. பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் 1995இல் கொல்லப்பட்ட 8000க்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு உறவினர்களின் இரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் பெயர் கிடைத்தது. இங்கே எலும்புகள் பத்திரமாக இருக்கின்றன, ஒப்பிடவேண்டிய தாய்மார்தான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாதிரிகளை இப்போதே எடுத்து வையுங்கள் என்று எங்களோடு சேர்ந்து கேட்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு நன்றி.